விக்கிப்பீடியாவின் தொகுப்புச் சுருக்கங்களும் குறுக்கக் குறிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விக்கிப்பீடியாக் கட்டுரை ஒன்றின் வரலாற்றுப் பக்கத்தை, அதாவது அதில் செய்யப்பட்ட மாற்றங்களின் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு வரியிலும் தேதி, நேரம், பயனர் பெயர், கூடிய அல்லது குறைந்த அளவு ஆகியவற்றுக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ஒரு சிறு குறிப்பைக் காணலாம். சில இடங்களில் அது தெளிவான வாக்கியமாக இருக்கும். சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியுமாக மட்டும் இருக்கும். புதிதாக எழுத வந்தவர்களும், எழுதாமல் வரலாற்றை மட்டும் படிப்பவர்களும் இந்தக் குறிப்புகளைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இப்பக்கம் விடை தருகிறது.

தொகுப்புச் சுருக்கம் என்றால் என்ன? அதை எங்கே எழுதுவது?

ஒரு பக்கத்தில் செய்த மாற்றம் எத்தகையது, எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மாற்றத்தைச் செய்தவரே ஓரிரு சொற்களில் எழுதி வைப்பதே தொகுப்புச் சுருக்கம். விக்கிநிரலை நேரடியாகத் தொகுப்பவர்களுக்கு இதற்கான கட்டம் தொகுப்புப் பெட்டியின் கீழ், பதிப்பிடும் பொத்தானுக்கு அருகில் இருக்கும். காட்சித் தொகுப்பியைப் பயன்படுத்துவோர் பதிப்பிடும் பொத்தானை அழுத்திய பிறகு திறக்கும் சிறு சாளரத்தில் இதை எழுதலாம். இவ்வாறு எழுதியது கட்டுரைக்குள் வராது. கட்டுரையின் வரலாறு, அண்மைய மாற்றங்கள், பிறருடைய கவனிப்புப் பட்டியல், உங்களுடைய பங்களிப்புகள் பக்கம் ஆகிய இடங்களில்தான் தோன்றும்.

எழுதாவிட்டால் என்ன ஆகும்? இது கட்டாயமா?

மென்பொருள் கட்டாயப்படுத்துவதில்லை, கட்டம் காலியாக இருந்தாலும் மாற்றம் பதிவாகிவிடும். ஆனால் அந்த வெற்றிடத்தை நிரப்பும் வேலை இன்னொருவர் தலையில் விழுகிறது. எடுத்துக்காட்டாக, முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய கட்டுரையில் அணை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு 1895 என்றிருப்பதை யாரோ 1896 என்று மாற்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஓர் எண்ணுக்குப் பதில் இன்னோர் எண் வந்ததால் பக்கத்தின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே வரலாற்றுப் பக்கத்தில் அந்த மாற்றத்துக்கு எதிரே வெறும் (0) என்று மட்டுமே தெரியும். சுருக்கமும் இல்லையென்றால், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே இந்த வரியில் கண் நிற்பதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. கலைக்களஞ்சியத்துக்கு மிகுந்த கேடு விளைவிப்பவை பெரும்பாலும் இத்தகைய மாற்றங்களே. வசைச்சொற்களை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்து நீக்கிவிடுவார்கள், ஓராண்டு முன்பின்னாக மாறிய எண் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

இதே கட்டுரையில் ‘முடிந்த ஆண்டு 1896 → 1895, மேற்கோளில் உள்ளபடி’ என்ற சுருக்கத்துடன் இன்னொருவர் திருத்தினால், கவனிப்பவர் நேராக அந்த மேற்கோளை, அதாவது கட்டுரையில் காட்டியுள்ள ஆதாரத்தைத் திறந்து சரிபார்த்து, அரை நிமிடத்தில் அடுத்த வேலைக்குச் சென்றுவிடலாம். ஆகவே, விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் எண், பெயர், தேதி ஆகியவற்றை மாற்றும்போது மட்டுமாவது சுருக்கத்தைக் காலியாக விடாதீர்கள் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறோம்.

ஆங்கில விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கங்களில் ‘ஆர்.வி.’, ‘சி.இ.’, ‘ஆர்.எம்.’ போன்ற எழுத்துகள் நிறைய வருகின்றனவே, அவற்றின் பொருள் என்ன?

இவை அங்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான மாற்றங்களைச் செய்பவர்களும் சரிபார்ப்பவர்களும் தட்டச்சு நேரத்தைக் குறைக்க உருவாக்கிக்கொண்ட குறுக்கக் குறிகள். அடிக்கடி கண்ணில் படுபவை சிலவே.

‘ஆர்.வி.’ என்பது முந்தைய பதிப்புக்கு மீளமைத்ததைக் குறிக்கும். அதனுடன் இன்னொரு ‘வி’ சேர்ந்து ‘ஆர்.வி.வி.’ என வந்தால் விசமத் தொகுப்பை, அதாவது கட்டுரையை வேண்டுமென்றே கெடுக்கும் மாற்றத்தை மீளமைத்ததாகப் பொருள். ‘சி.இ.’ என்பது பொருளை மாற்றாமல் நடை, நிறுத்தக்குறி, வாக்கிய அமைப்பு ஆகியவற்றைச் செப்பனிட்டதைக் குறிக்கும். ‘எஸ்.பி.’ எழுத்துப்பிழைத் திருத்தம். ‘டைப்போ’ தட்டச்சுப் பிழைத் திருத்தம். ‘ஆர்.எம்.’ என்றால் ஏதோ ஒன்று நீக்கப்பட்டிருக்கிறது; ‘எம்.வி.’ என்றால் ஓரிடத்தில் இருந்தது வேறிடத்துக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது. ‘எஃப்.எம்.டி.’ பக்க வடிவமைப்பைப் பற்றியது. ‘கேட்’ என்று வந்தால் பகுப்பில் மாற்றம், ‘ரெஃப்’ என்றால் மேற்கோளில் மாற்றம், ‘டேப்’ என்றால் பக்கவழி நெறிப்படுத்தல், அதாவது ஒரே பெயருடைய பல கட்டுரைகளில் சரியானதற்கு இணைப்பைத் திருப்பியது. ‘சி.என்.’ என்பது மேற்கோள் தேவை என்ற வார்ப்புருவை (பல பக்கங்களில் இடக்கூடிய ஆயத்தக் குறிப்பை) இட்டதைக் காட்டும். உரையாடல் பக்கங்களின் வரலாற்றில் ‘சி.எம்.டி.’ என்று கருத்தையும் ‘ஆர்.இ.’ என்று மறுமொழியையும் குறிப்பார்கள்.

நிரலர்களிடமிருந்து வந்த வழக்கங்களும் உண்டு. ‘எஸ்/1896/1895/’ என்று சாய்கோடுகளுடன் எழுதியிருந்தால், முதலாவதாக உள்ளதை எடுத்துவிட்டு இரண்டாவதை இட்டதாகப் பொருள். இது யூனிக்ஸ் கணினிகளின் உரைத் தொகுப்பிக் கட்டளையிலிருந்து வந்தது. இதே வேலையை ‘1896 → 1895’ என்ற அம்புக்குறி யாருக்கும் புரியும்படி செய்துவிடுகிறது என்பதால், அம்புக்குறியையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

‘சி.இ.’ என்று எழுதிவிட்டு எதையும் மாற்றலாமா?

கூடாது. இந்தக் குறி ‘பொருள் மாறவில்லை, திறந்து பார்க்காமலே கடந்து போகலாம்’ என்று படிப்பவருக்குச் சொல்கிறது. ‘கூறினார்’ என்பதை ‘ஒப்புக்கொண்டார்’ என்று மாற்றியவர் ஒரு சொல்லைத்தான் மாற்றியிருக்கிறார். ஆனால் அந்த மனிதர்மீது ஒரு குற்றத்தையும் சேர்த்தே ஏற்றிவிட்டார். இதற்கு ‘நடைத் திருத்தம்’ என்று சுருக்கம் எழுதினால், சுருக்கமே இல்லாமல் விடுவதைவிட அதிகத் தீங்கு நேர்கிறது. மாற்றத்துடன் பொருந்தாத சுருக்கத்தைப் பார்ப்பவர்கள் அதை எழுதியவருடைய மற்றத் தொகுப்புகளையும் ஐயத்துடன் திறந்து பார்க்கத் தொடங்குவார்கள், அதில் தவறு காண முடியாது.

உலாவிகள் முன்பு எழுதிய சுருக்கங்களை நினைவில் வைத்து முதல் எழுத்தைத் தட்டியவுடன் பட்டியலிடுவதால், எண்ணாமலேயே பொருந்தாத சுருக்கம் பதிவாகிவிடுவதும் உண்டு. பதிப்பிடுவதற்கு முன் கட்டத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

‘என்.பி.ஓ.வி.’, ‘பி.எல்.பி.’, ‘ஓ.ஆர்.’ போன்றவை எந்த வகை?

இவை செய்த மாற்றத்தின் வகையைச் சொல்பவை அல்ல. மாற்றத்துக்கு ஆதாரமான கொள்கையைச் சொல்பவை. ‘என்.பி.ஓ.வி.’ நடுநிலை நோக்கையும், ‘ஓ.ஆர்.’ வேறெங்கும் வெளிவராத சொந்த ஆய்வைச் சேர்க்கக்கூடாது என்பதையும், ‘பி.எல்.பி.’ வாழும் மனிதர்களின் வாழ்க்கை வரலாறு பற்றிய கொள்கையையும், ‘சி.ஓ.ஐ.’ எழுதுபவருக்கும் பொருளுக்கும் உள்ள நலமுரணையும், ‘காப்பிவயோ’ பதிப்புரிமை மீறலையும் சுட்டும். நீக்கல் பதிவுகளில் வரும் ‘ஜி11’, ‘ஜி12’, ‘ஏ7’ போன்றவை ஆங்கில விக்கிப்பீடியாவின் விரைவு நீக்கல் விதி எண்கள்: முதலாவது அப்பட்டமான விளம்பரம், இரண்டாவது தெளிவான பதிப்புரிமை மீறல், மூன்றாவது எழுதப்பட்ட நபரோ அமைப்போ ஏன் முக்கியம் என்பதற்கான அறிகுறியே கட்டுரையில் இல்லாமை.

இதுவரை சொன்ன குறிகளில் இரண்டுக்குத் தனி எடை உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில், ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் ஒருவர் மீளமைத்தால் அவருக்குத் தடை விதிக்கப்படலாம். தெளிவான விசமத் தொகுப்பை மீளமைப்பதற்கும், வாழும் மனிதரைப் பற்றிய ஆதாரமற்ற அவதூறை நீக்குவதற்கும் இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ‘ஆர்.வி.வி.’ என்றோ ‘பி.எல்.பி.’ என்றோ எழுதுபவர் செய்ததை விவரிப்பதோடு நிற்கவில்லை. அந்த விலக்கு தமக்குப் பொருந்தும் என்றும் கோருகிறார். பின்னர் நிருவாகிகள் வழக்கைப் பார்க்கும்போது அந்தக் கோரிக்கை உண்மையா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கருத்து வேறுபாட்டை விசமத் தொகுப்பு என்று பெயரிட்டு மீளமைத்தவருக்கு அந்தக் குறி காப்பாக அமையாது.

கூட்டல், கழித்தல் குறிகளும் சாம்பல் நிற அம்புக்குறியும் எதைக் காட்டுகின்றன?

கூட்டல் குறி சேர்த்ததையும் கழித்தல் குறி நீக்கியதையும் காட்டும். ‘+மேற்கோள்’, ‘−பகுப்பு’ என்பன போல. சாம்பல் நிற அம்புக்குறியுடன் வரும் பகுதித் தலைப்பை மென்பொருளே இடுகிறது. ஒரு கட்டுரையின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் தொகுக்கத் திறந்தால், சுருக்கக் கட்டத்தில் /* வரலாறு */ என்பது போன்ற ஒரு தொடர் ஏற்கெனவே இருக்கும். அதை அழிக்காமல், அதற்குப் பின்னால் உங்கள் குறிப்பை எழுதுங்கள். வரலாற்றுப் பக்கத்தில் அந்தத் தலைப்பைச் சொடுக்குபவர் நேரே அந்தப் பகுதிக்குச் சென்றுவிடுவார். ஆனால் பகுதித் தலைப்பை மட்டும் விட்டுவைத்தால் எங்கே மாற்றினீர்கள் என்பது தெரியுமே தவிர, என்ன மாற்றினீர்கள் என்பது தெரியாது.

தமிழ் விக்கிப்பீடியாவில் எத்தகைய சுருக்கங்கள் வழக்கில் உள்ளன? ஆங்கிலக் குறுக்கங்களை இங்கும் எழுதலாமா?

2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத்துக் குறுக்கங்களைவிட முழுச்சொற்களே அதிகம் வழங்குகின்றன. ‘துவக்கம்’, ‘விரிவாக்கம்’, ‘உரை திருத்தம்’, ‘மேற்கோள் சேர்ப்பு’, ‘உள்ளிணைப்பு’, ‘பகுப்பு மாற்றம்’, ‘வழிமாற்று’, ‘விக்கியாக்கம்’ போன்றவை பழகிய சொற்கள். இருபுறமும் நட்சத்திரக் குறியிட்டு *விரிவாக்கம்* என்று எழுதியிருப்பதையும் பழைய வரலாறுகளில் ஏராளமாகக் காணலாம். பட்டியல்களில் வரும் ‘சி’ சிறு தொகுப்பையும் ‘பு’ புதிய பக்கத்தையும் குறிக்கும். இவற்றை மென்பொருளே இடுகிறது.

ஆங்கிலக் குறுக்கங்களை எழுதத் தடையில்லை. இரு விக்கிப்பீடியாக்களிலும் பணியாற்றுவோர் பழக்கத்தினால் அவற்றையே இங்கும் தட்டுகிறார்கள். எனினும், தமிழ்க் கட்டுரையைக் கவனிப்பவர்களில் ஆங்கில விக்கிப்பீடியாவின் உட்புற வழக்கங்களை அறியாத ஆசிரியர்களும் மாணவர்களும் உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடு கொண்ட முதியவர்களும் இருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் ஊரைப் பற்றித் தாம் எழுதிய பத்தி காணாமல் போனதை ஒருவர் கவனித்து வரலாற்றைத் திறக்கும்போது, அங்கே ‘ஆர்.எம். ஓ.ஆர்.’ என்று இருந்தால் அவருக்கு எதுவும் விளங்காது, அவமதிக்கப்பட்டதாகக்கூட எண்ணிவிடலாம். ‘மேற்கோள் இல்லாததால் நீக்கியுள்ளேன், நூல் ஆதாரத்துடன் மீண்டும் சேர்க்கலாம்’ என்று இருந்தால், அடுத்த முறை அவர் நூலின் பெயரோடு வருவார். தமிழ் விக்கிப்பீடியா போன்று பங்களிப்பாளர் எண்ணிக்கை குறைவாக உள்ள இடத்தில் அத்தகைய ஒருவரை இழப்பது பெரிய இழப்பு. ஆகவே, பிறர் எழுதியதை நீக்கும்போதும் மீளமைக்கும்போதும் எந்த மொழியிலும் குறுக்கக் குறிகளை மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், ஒரு முழு வாக்கியமாவது எழுத வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. உங்கள் சொந்தத் தட்டச்சுப் பிழையைத் திருத்தும்போது ‘பிழை திருத்தம்’ என்ற இரு சொற்களே தாராளம்.

ஒரு சுருக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

இப்போது 500 ஒருங்குறிக் குறியிடங்கள் (கணினி தனித்தனியே எண்ணும் எழுத்துக் கூறுகள்) வரை எழுதலாம். 2018ஆம் ஆண்டுக்கு முன் எல்லை 255 பைட்டுகளாக இருந்தது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் 255 எழுத்துகள் கிடைத்தன. தமிழ் எழுத்துகளோ யு.டி.எஃப்.-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு குறியிடத்துக்கும் மூன்று பைட்டுகள் எடுத்துக்கொள்கின்றன. அத்துடன் மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் துணைக்குறிகளும் தனித்தனிக் குறியிடங்களாகவே எண்ணப்படுகின்றன. ‘தமிழ்’ என்பதில் நம் கணக்குக்கு எழுத்து மூன்று. கணினியின் கணக்குக்குக் குறியிடம் ஐந்து, பைட் பதினைந்து. ‘விக்கிப்பீடியா’ என்று எழுதினால் ஏழு எழுத்துகளுக்கு 14 குறியிடங்களும் 42 பைட்டுகளும் செலவாகிவிடும்.

இதனால் அன்று தமிழில் 85 குறியிடங்களுக்கு மேல் எழுத முடியவில்லை. ஓர் இணைப்பும் ஒரு பயனர் பெயரும் சேர்ந்தால் இடம் தீர்ந்துவிடும். பழைய தமிழ் வரலாறுகளில் சில சுருக்கங்கள் பாதி வாக்கியத்தில் அறுந்து நிற்பதற்கும், பலர் ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டதற்கும் இந்த எல்லையும் ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது. இன்றைய எல்லையில் தமிழில் ஏறத்தாழ 300 எழுத்துகள் எழுதலாம். மூன்று நான்கு நல்ல வாக்கியங்களுக்கு அது போதும். அதற்கு மேலும் விளக்க வேண்டியிருந்தால் உரையாடல் பக்கத்தில் எழுதிவிட்டு, சுருக்கத்தில் ‘உரையாடல் பக்கத்தைப் பார்க்க’ என்று குறிப்பிடுங்கள்.

வரலாற்றில் (+15), (−1,204) என்று வரும் எண்கள் எழுத்துகளின் எண்ணிக்கையா?

இல்லை, அவை பைட் எண்ணிக்கை. ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் +15 என்று காட்டும். ஆங்கில விக்கிப்பீடியாவில் +1,500 என்பது ஒரு நல்ல பத்திக்கு மேல். தமிழில் அதே எண் நாலைந்து வரிகள்தான். 500 பைட்டுகளைத் தாண்டும் மாற்றங்களின் எண் தடித்த எழுத்தில் தெரியும் என்பதால், தமிழில் இரண்டு வாக்கியங்களை நீக்கினாலே அது தடித்துத் தெரிந்துவிடும். ஆகவே தடித்த கழித்தல் எண்ணைக் கண்டவுடனே யாரோ கட்டுரையை அழித்துவிட்டார்கள் என்று முடிவு செய்யாமல், சுருக்கத்தைப் படித்து, ஒப்பீட்டையும் திறந்து பாருங்கள்.

சிறு தொகுப்பு என்ற கட்டத்தை எப்போது தேர்ந்தெடுக்கலாம்?

யாரும் மறுப்புச் சொல்ல வாய்ப்பில்லாத மாற்றங்களுக்கு மட்டும். ஒற்றுப்பிழை, விடுபட்ட நிறுத்தக்குறி, உடைந்த இணைப்பு ஆகியவை சிறு தொகுப்புகள். மேலே சொன்ன 1895, 1896 மாற்றம் ஓர் இலக்கம்தான் என்றாலும் சிறு தொகுப்பு அன்று. பலர் தங்கள் கவனிப்புப் பட்டியலில் சிறு தொகுப்புகள் தெரியாதவாறு அமைத்திருப்பார்கள் என்பதே இதற்குக் காரணம்.

மீளமைக்கும்போது மென்பொருளே ஒரு சுருக்கத்தை எழுதிவிடுகிறதே, அது போதாதா?

ஒரு தொகுப்பை இல்லாமற்செய்யும் வசதியைச் சொடுக்கினால், எந்தப் பயனரின் எந்த எண்ணுள்ள திருத்தம் நீக்கப்படுகிறது என்ற வாக்கியம் கட்டத்தில் தானாக வந்து நிற்கும். அதில் யார், எது என்பன இருக்கின்றன. ஏன் என்பது மட்டும் இல்லை. பதிப்பிடுவதற்கு முன் அந்த வாக்கியத்தின் பின்னால் காரணத்தைச் சேர்க்க வாய்ப்பு உண்டு. அதைத் தவறாமல் பயன்படுத்துங்கள். முன்னிலையாக்கர் அணுக்கம் எனப்படும் சிறப்பு உரிமை உள்ளவர்கள் ஒரே சொடுக்கில் மீளமைக்கும்போது, காரணம் எழுத இடமே கிடைப்பதில்லை. அதனால்தான் அந்தக் கருவியைத் தெளிவான விசமத் தொகுப்புகளுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற வரையறை இருக்கிறது. நல்லெண்ணத்துடன் தவறாக எழுதிய புதியவரின் தொகுப்பை அவ்வாறு துடைத்துவிடுவது முறையன்று.

மீளமைப்புச் சுருக்கத்தில் ஆளைப் பற்றி எழுதாமல் உரையைப் பற்றி எழுதுங்கள். ‘இவருக்கு வேறு வேலையில்லை’ என்பது போன்ற வரிகள் எழுதியவரின் பெயரோடு பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். வரலாற்றுப் பக்கத்திலேயே ஒருவருக்கொருவர் சுருக்கங்களால் விடை சொல்லிக்கொண்டு மாறிமாறி மீளமைப்பதும் தவறு. இரண்டாவது மீளமைப்புக்கு முன்பே உரையாடல் பக்கத்துக்குச் சென்றுவிட வேண்டும்.

வேறு கட்டுரையிலிருந்து நகலெடுத்தாலும் மொழிபெயர்த்தாலும் சுருக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

இந்த ஓரிடத்தில் சுருக்கம் உரிமத்தோடு தொடர்புடையதாகிவிடுகிறது. விக்கிப்பீடியாவின் உரை 2009ஆம் ஆண்டு முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. அவ்வுரிமத்தின்படி யாரும் அந்த உரையை எடுத்தாளலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம். ஆனால் எழுதியவர்களுக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். கட்டுரையின் மேலேயோ கீழேயோ எழுதியவர்களின் பெயர் இருப்பதில்லை. அது வரலாற்றுப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி இங்கு இடுபவர், மூலத்தின் வரலாற்றுக்கு வழிகாட்டாமல் விட்டால், அதைப் பல ஆண்டுகளாக எழுதியவர்களின் உழைப்பு அவருடைய பெயரில் மட்டும் பதிவாகிவிடும்.

எனவே ‘ஆங்கில விக்கிப்பீடியாவின் இன்ன கட்டுரையிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது, ஆக்குநர் விவரம் அதன் வரலாற்றில் உள்ளது’ என்று, மூலக் கட்டுரைக்கு மொழிக் குறியீட்டுடன் கூடிய இணைப்பும் கொடுத்து எழுத வேண்டும். உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியைப் பயன்படுத்தினால் அது தானே இத்தகைய சுருக்கத்தை இட்டுவிடும். தமிழ்க் கட்டுரை ஒன்றிலிருந்து ஒரு பகுதியை வெட்டி இன்னொரு கட்டுரையில் ஒட்டும்போதும் இதே முறைதான்: ஒட்டிய இடத்தில் ‘[[முல்லைப் பெரியாறு அணை]] கட்டுரையிலிருந்து நகர்த்தப்பட்டது’ என்றும், வெட்டிய இடத்தில் எங்கே நகர்ந்தது என்றும் குறிப்பிடுங்கள். குறிப்பை முதலிலேயே எழுத மறந்திருந்தால், பின்னர் ஒரு சிறு தொகுப்பு செய்து அதன் சுருக்கத்தில் எழுதினாலும் ஏற்கப்படும்.

பழைய வரலாறுகளில் ‘ஆர்2.7.2’ என்று தொடங்கி மொழிக் குறியீடுகளாகவே வரும் வரிகள் எவை?

அவை தானியங்கிகள் விட்டுச் சென்றவை. ஒரு கட்டுரைக்கு வேறு மொழிகளில் உள்ள இணைக் கட்டுரைகளின் பட்டியலை முன்பு ஒவ்வொரு மொழிக் கட்டுரையின் அடியிலும் தனித்தனியே எழுதி வைக்க வேண்டியிருந்தது. எந்த மொழியில் ஒரு புதிய கட்டுரை வந்தாலும் மற்ற எல்லா மொழிகளிலும் ஒரு வரியைச் சேர்ப்பதற்குத் தானியங்கிகள் ஓடிக்கொண்டிருந்தன. ‘ஆர்2.7.2’ என்பது அந்தத் தானியங்கி நிரலின் பதிப்பெண். அதன் பின் வரும் ‘தானியங்கி இணைப்பு’, ‘தானியங்கி மாற்றல்’ என்பவை செய்த வேலை. 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட விக்கித்தரவு, 2013ஆம் ஆண்டில் எல்லா மொழிகளின் இணைப்புகளையும் ஒரே இடத்தில் ஏற்றுக்கொண்ட பிறகு இந்த வரிகள் நின்றுவிட்டன. கட்டுரை எப்படி வளர்ந்தது என்று ஆராய்பவர்கள் இவற்றைத் தாண்டிப் படிக்கலாம்.

கருவிகள் எழுதும் சுருக்கங்களை எப்படி அறிவது?

பெரும்பாலான கருவிகள் சுருக்கத்தின் இறுதியில் தம் பெயரை இட்டுவிடும். விரைவுப்பகுப்பி எனப்படும் ஹாட்கேட் பகுப்புகளைச் சேர்த்ததையும் நீக்கியதையும் தானே எழுதும். ‘ஏ.டபிள்யூ.பி.’ என்பது பல பக்கங்களில் ஒரே வகை மாற்றத்தை விரைந்து செய்ய உதவும் ஆட்டோவிக்கிபிரவுசர். ‘ட்விங்கிள்’ மீளமைப்புக்கும் பராமரிப்பு வார்ப்புருக்களுக்கும் உதவுவது. கருவியின் பெயர் இருப்பதால் பொறுப்பு கருவிக்குப் போய்விடாது. பொத்தானை அழுத்தியவரே அந்த மாற்றத்துக்குப் பொறுப்பு.

சுருக்கத்தில் இணைப்பு, தடித்த எழுத்து, வார்ப்புரு ஆகியவை வேலை செய்யுமா?

இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் விக்கி இணைப்புகள் மட்டும் வேலை செய்யும். வெளி இணையதள முகவரியை எழுதினால் அது சொடுக்க முடியாத வெறும் எழுத்தாகவே நிற்கும். வார்ப்புருக்களும் எழுத்து அலங்காரங்களும் செயல்படா. ஒருவருடைய பயனர் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அவருக்கு அறிவிப்புச் செல்லும் என்பதால், நன்றி சொல்லவும் இணைப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் தேவையில்லாமல் யாரையும் அழைக்க வேண்டாம். விக்கிப்பீடியாவின் வழக்கமான தேடல் பெட்டி சுருக்கங்களைத் தேடுவதில்லை. அதற்குத் தனிக் கருவிகள் இருக்கின்றன. ஒருவர் தம் தொகுப்புகளில் எத்தனை விழுக்காட்டுக்குச் சுருக்கம் எழுதியிருக்கிறார் என்பதை எக்ஸ்டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பு கணக்கிட்டுத் தரும். ஆங்கில விக்கிப்பீடியாவில் நிருவாகி அணுக்கம் கோருபவரை மதிப்பிடும்போது இந்த எண்ணையும் பார்ப்பவர்கள் உண்டு.

பதிப்பிட்ட பிறகு சுருக்கத்தைத் திருத்த முடியுமா?

முடியாது. நிருவாகிகளாலும் முடியாது. சுருக்கம் தவறாகிவிட்டாலோ முக்கியமான ஒன்று விடுபட்டாலோ, கட்டுரையில் ஓர் இடைவெளியைச் சேர்ப்பது போன்ற பயனற்ற சிறு மாற்றம் ஒன்றைச் செய்து, அதன் சுருக்கத்தில் ‘முந்தைய தொகுப்பின் சுருக்கத்தில் 1896 என்பதை 1895 என்று படிக்கவும்’ என எழுதலாம். எந்த மாற்றமும் செய்யாமல் பதிப்பிட்டால் வரலாற்றில் எந்த வரியும் விழாது என்பதால் ஏதேனும் ஓர் எழுத்தோ இடைவெளியோ மாறியே ஆக வேண்டும்.

தனிப்பட்ட தொலைபேசி எண், முகவரி, கடும் அவதூறு ஆகியவை சுருக்கத்தில் எழுதப்பட்டுவிட்டால், நிருவாகிகள் அந்தச் சுருக்கத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்க முடியும். அப்போதும் அந்த வரி நீங்காது. சுருக்கம் இருந்த இடத்தில் கோடிட்ட சாம்பல் எழுத்து நிற்கும். இத்தகைய மறைப்பைக் கோரும்போது உரையாடல் பக்கத்தில் பலர் பார்க்க எழுதாமல், நிருவாகி ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். இல்லாவிட்டால் மறைக்க வேண்டிய செய்தியை மேலும் பலர் தேடிச் சென்று பார்த்துவிடுவார்கள்.

எழுத அடிக்கடி மறந்துவிடுகிறது. ஏதேனும் வழி உண்டா?

உங்கள் விருப்பத்தேர்வுகளில் தொகுத்தல் என்ற பகுதிக்குச் சென்று, சுருக்கம் காலியாக இருந்தால் நினைவூட்டுமாறு கேட்கும் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அதன் பிறகு சுருக்கமின்றிப் பதிப்பிட முயன்றால் மென்பொருள் ஒருமுறை நிறுத்திக் கேட்கும். வேண்டுமென்றே காலியாக விடுவதானால் மீண்டும் அதே பொத்தானை அழுத்தலாம். இந்த வசதிக்குப் பயனர் கணக்கில் புகுபதிகை செய்திருக்க வேண்டும்.